லண்டன் விமானம் தாமதமானால் கேட்டுப் பெற வேண்டியவை

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 8,200 கிலோமீட்டர். பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் அது. விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. மூடப்பட்ட வான்வெளியையும் மோசமான வானிலையையும் சுற்றிக்கொண்டு போகும். மேற்கே போகையில் எதிர்க்காற்று வேறு. நேரடி விமானமே ஏறத்தாழ பதினொரு மணி நேரம் எடுக்கும்; திரும்பி வரும்போது சற்றுக் குறையும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் காலை 5.30க்குப் புறப்பட்டு 11 மணிக்கு இறங்குவதாக இருந்தால், அது ஐந்தரை மணி நேரப் பயணம் அல்ல, பதினொரு மணி நேரம். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் போகும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வேளைக் கணக்கை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அவ்வப்போது எழுந்து நடக்கட்டும்.

இழப்பீட்டைத் தீர்மானிப்பதும் இந்தத் தூரம்தான். பிரிட்டன் சட்டப்படி 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், விமான நிறுவனத்தின் பொறுப்பால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கு 520 பவுண்டு. மூன்று முதல் நான்கு மணி நேரம் என்றால் 260. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில் வராது, கதவு திறந்த நேரமே கணக்கு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் அப்போதும் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர வேண்டியது அவர்கள் கடமை. வழக்கமான இயந்திரக் கோளாறைக் காட்டித் தட்டிக்கழிப்பதை அங்குள்ள நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

பலர் ஏமாறும் இடம் வேறு. லண்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஒரே முன்பதிவில் துபாய் வழியாகச் சென்னை வந்தால், சென்னைக்கு எப்போது வந்து சேர்ந்தீர்கள் என்பதே கணக்கு. சென்னையிலிருந்து போகும்போதோ, விமானத்தை இயக்குவது பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். வளைகுடா நிறுவனத்தில் போனால் இந்த 520 பவுண்டு இல்லை. அப்போது கைகொடுப்பது மாண்ட்ரியல் என்ற சர்வதேச விமானப் பயண உடன்படிக்கை. தாமதத்தால் உண்மையில் நேர்ந்த செலவை ரசீதுடன் கேட்கலாம். நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு அவகாசம். பெட்டி தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும், சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு. வயதானவர்களை அப்படி அனுப்பவே கூடாது என்பேன். மொத்தப் பயணமும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்கட்டும்.

போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல், தாமதக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். எட்டு வாரத்தில் சரியான பதில் இல்லையென்றால் பிரிட்டனில் சமரசத் தீர்வு அமைப்பையோ விமானப் போக்குவரத்து ஆணையத்தையோ நாடலாம். இந்தியாவில் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். நுகர்வோர் உதவி எண் 1915.