இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பிரயாண நேரம் வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற கணக்கு, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒருவாறு பொருந்தினாலும், ஆகாய விமானத்தின் விஷயத்தில் அப்படியே பொருந்துவதில்லை. அதன் காரணத்தை விளக்கமாக உணர்வதற்கு, உலகத்துக் கால அட்டவணைகளில் இடம்பெற்ற விமானப் பிரயாணங்கள் யாவற்றிலும் மிகக் குறுகியதைப் பார்ப்பதே உத்தமமான வழி.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு அப்பால், கடல் நடுவே சிதறிக் கிடக்கும் ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில், வெஸ்ட்ரே என்றும் பாப்பா வெஸ்ட்ரே என்றும் அடுத்தடுத்து இரண்டு தீவுகள் இருக்கின்றன. இவ்விரண்டின் விமானத் தளங்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர், எடின்பரோ நகரத்து விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றே ஏறக்குறைய அவ்வளவு நீளம். 1967ஆம் ஆண்டில் லோகன்ஏர் நிறுவனம் தொடங்கிய இந்தப் போக்குவரத்துக்குக் கால அட்டவணையில் ஒதுக்கப்பட்ட நேரம் இரண்டே நிமிஷம்.

இதற்கென்று பறப்பது பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் என்னும் சிறு விமானம். உடலின் மேற்புறத்தில் பொருத்திய இறக்கையும், இரண்டு சுழல்விசிறி யந்திரங்களும், உள்ளிழுக்கப்படாத சக்கரங்களும் உடைய இது, குறுகிய ஓடுபாதையிலும் எழும்பி இறங்க வல்லது. விமானி ஒருவரே ஓட்டுவதால், அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் பிரயாணி ஒருவர் அமரும் பாக்கியமும் உண்டு.

மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோடாகப் பறந்தால் 2.7 கிலோமீட்டரைக் கடக்க 41 விநாடிகூட ஆகாது. ஆனால், தரையில் ஓடித் தொடங்கும் விமானம் அந்த வேகத்தை எட்டுவதற்குள் பாதி வழி கழிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் வேகத்தைத் தணித்து இறங்க ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. மேலும், விமானம் காற்றை எதிர்கொண்டே எழும்பவும் இறங்கவும் விரும்புவதால், காற்றின் திசைக்கேற்ப வளைந்து செல்லவும் நேரிடும். ஓடும் ஆற்றில் செல்லும் ஓடத்துக்கு நீரோட்டம் எப்படியோ, விமானத்துக்குக் காற்று அப்படியே: மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், 240 என்னும் வேகம் தரைக்கணக்கில் 180 ஆகிவிடுகிறது. யாவும் அனுகூலமாக அமைந்த ஒரு சமயத்தில், 53 விநாடிகளிலேயே இந்தப் பிரயாணம் முடிந்திருக்கிறது.

தொலைதூர விமானங்களுக்கும் இதே நியதிதான். ஏற்றமும் இறக்கமும் அங்கே நீண்ட பறப்பில் மறைந்துவிடுகின்றன, இங்கேயோ அவையே முழுப் பிரயாணமாகின்றன.

இவ்வளவு சிறிய தூரத்துக்கு விமானம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். படகில் சென்றால் ஏறக்குறைய 25 நிமிஷம் ஆகும். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. நூற்றுக்கும் குறைவான ஜனங்கள் வாழும் பாப்பா வெஸ்ட்ரேக்குப் பாடம் நடத்த வரும் ஆசிரியரும், சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியும், 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய நாப் ஆவ் ஹவர் என்னும் கல்வீட்டைக் காண வரும் யாத்திரிகரும் இந்தச் சிறு விமானத்தையே நம்பியிருக்கிறார்கள். தரையாக இருந்தால் அரைமணி நேரத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய தூரம்தான்; நடுவே கிடப்பது கடலாயிற்றே.