கோழி சாகும்போது யாரிடம் சொல்வது?

நேற்று மாலை வரை மேய்ந்த கோழிகளில் நான்கு, விடியும்போது கூட்டுக்குள் விறைத்துக் கிடக்கின்றன. ஐந்தாவது, மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. கொண்டை கருநீலமாகிவிட்டது, முகம் வீங்கியிருக்கிறது, கால் தோலில் செம்புள்ளிகள். அடுத்து நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். "இதுவும் போறதுக்குள்ள அறுத்துடலாம்" என்று யாராவது கத்தியை எடுப்பார். செத்தவற்றைச் செம்பனைக் காட்டில் வீசுவார்கள். குடலைப் பூனை தின்னும்.

மூன்றுமே ஆபத்து. பறவைக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் எச்5என்1 கிருமி, இறைச்சி முழுவதும் 70 டிகிரிக்குமேல் வெந்தால் செத்துவிடும். ஆகவே நன்றாக வெந்த குழம்பில் பயமில்லை. பயமெல்லாம் அதற்கு முன்னால்தான். அறுக்கும்போது தெறிக்கும் ரத்தம், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும் கை, குடல் உருவியபின் கழுவாமல் கண்ணைத் துடைக்கும் விரல். வீட்டில் இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது, பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். 2023 பிப்ரவரியில் கம்போடியாவின் பிரே வெங் மாநிலத்தில் 11 வயதுச் சிறுமி இந்தக் காய்ச்சலில் இறந்தாள். 2003 முதல் உலகில் உறுதிசெய்யப்பட்ட எச்5என்1 நோயாளிகள் 900 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கவில்லை.

பூனை விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு இந்த நோய் வந்து, செத்தவையும் கொல்லப்பட்டவையுமாக 147 புலிகள் போயின. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளிடம் இதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே சில பண்ணைகளில் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் செத்தன. பறவையைவிட்டுப் பாலூட்டிகளுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் கிருமி மனித உடலுக்குப் பழகிக்கொள்ள ஒரு வாய்ப்பு கூடுகிறது. ஆய்வாளர்கள் மாட்டையும் பூனையையும் கண்காணிப்பது இதனால்தான்.

ஜொகூரில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மலேசியாவில் எச்5என்1 முதலில் தென்பட்டது 2004 ஆகஸ்டில், கிளந்தானின் தும்பாட் வட்டாரத்துப் பாசிர் பெக்கான் கம்பத்தில். தாய்லாந்திலிருந்து கடத்தி வந்த சண்டைச் சேவல்கள்மேல் சந்தேகம் விழுந்தது. கிளந்தான் இருப்பது தீபகற்பத்தின் வடகோடியில். ஆனாலும் சிங்கப்பூர் மலேசியக் கோழிக்கே தடை போட்டது. நோயே இல்லாத ஜொகூர் பண்ணைகளின் லாரிகளும் பாலம் தாண்ட முடியவில்லை. 2006இலும் 2007இலும் சிலாங்கூரில், 2017இல் மறுபடி கிளந்தானில் நோய் தலைதூக்கியது. 2004 முதல் 2007 வரையிலான பரவல்களில் இங்கே மனிதர் எவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. விரைந்து சொன்னதும், விரைந்து அழித்ததும்தான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஆனால் ஜொகூரின் தஞ்சோங் பியாய், குக்குப் சதுப்புகளுக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நோய் வெளியே தெரியாமலே கிருமியைச் சுமக்க வாத்துகளால் முடியும்.

ஆகவே கோழிகள் திடீரென்று மொத்தமாகச் செத்தால், தொடாதீர்கள், விற்காதீர்கள், வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு, அதாவது வெட்டரினாருக்கு, உடனே சொல்லுங்கள். வழக்கமான கோழிச் சீக்கும் இதே போலத்தான் இருக்கும். பிரித்துச் சொல்ல ஆய்வுக்கூடத்தால்தான் முடியும். விலங்குகள் சட்டம் 1953இன்படி அதிகாரிகள் இடத்தைத் தனிமைப்படுத்தலாம், பறவைகளை அழிக்கலாம். அழிப்பதற்கு முன் எத்தனை கோழி, என்ன வயது, என்ன இனம் என்று உங்கள் முன்னிலையில் எண்ணி எழுதச் சொல்லி ஒரு நகல் கேளுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு தானாக வீடு தேடி வரும் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில் விண்ணப்பியுங்கள். கையில் கணக்கில்லாதவர் பேச்சு எடுபடாது.

பண்ணையில் வேலை செய்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கோழிக் கொட்டகையில் செத்ததைப் பொறுக்குபவர்தான் நோயை முதலில் பார்ப்பவர், அவர்தான் பெரும்பாலும் வாய் திறக்க முடியாதவரும். 1998, 1999இல் நிப்பா என்ற கிருமி நோய் வந்தபோது நெகிரி செம்பிலானின் பன்றிப் பண்ணைகளில் நோயில் விழுந்தவர்கள் பண்ணைக்காரர்களும் அங்கே உழைத்தவர்களும்தான். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் காலம் போனது. மலேசியாவில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

முகக்கவசம், கையுறை, கண்ணாடி, பூட்ஸ் தர வேண்டியது முதலாளியின் கடமை. அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு உரிமையும் தருகிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. விலங்குகளையோ செத்த விலங்குகளையோ கையாளும் வேலையால் வரும் தொற்றைத் தொழில்சார் நோயாகக் காட்டி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கோரலாம். பதிவுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்புக்குள் இருக்கிறார்கள்.

முனீஸ்வரனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பலர் வீட்டுச் சேவல்கள் ஒரே இடத்தில் சேரும் நாள் அது. சோர்ந்த சேவலைக் கோயிலுக்குக் கொண்டுவராதீர்கள். அறுப்பவர் கையுறை போடட்டும், பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும், ரத்தம் விழுந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

செத்த கோழியைத் தொட்ட 10 நாட்களுக்குள் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால், கிளினிக்கில் "எனக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். "கோழி செத்தது, நான் தொட்டேன்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒசெல்டாமிவிர் என்ற மருந்து, நோய் தொடங்கிய 2 நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.