காலண்டருக்கு ஒரு சீட்டு எழுதலாமா?

குட்டீஸ்! 04/03 என்று எழுதினால் அது எந்தத் தேதி? 'இதுகூடத் தெரியாதா? மார்ச் 4' என்கிறீர்களா? நம் ஊரில் அது சரி. ஆனால், அமெரிக்காவில் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். அவர்களுக்கு அது ஏப்ரல் 3!

உங்களுக்கு 04/03 அன்று உதவித்தொகைத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். அதைக் காலண்டரில் குறிக்கும்படி ஒரு 'ஏஐ ஏஜென்ட்'டிடம் சொல்கிறீர்கள். அது ஏப்ரல் 3 என்று குறித்துவிட்டால்? நீங்கள் பேனாவோடு கிளம்பும்போது, தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்!

ஏஐ ஏஜென்ட் என்றால் என்ன? நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு, நமக்காக வேலைகளைச் செய்துதரும் கம்ப்யூட்டர் உதவியாளர். பல வேலைகளை அது தானே செய்வதில்லை. காலண்டர் தயாரிக்க ஒரு கருவி, கணக்குப் போட ஒரு கருவி என்று சின்னச் சின்ன புரோகிராம்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும்.

அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? கருவியைச் செய்தவர் ஒரு குறிப்பு எழுதி வைப்பார். பெரும்பாலும் ஏஜென்டுக்குத் தெரிவது அந்தக் குறிப்பு மட்டுமே. கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது திறந்து பார்ப்பதில்லை.

அம்மா தரும் மளிகைச் சீட்டை நினைத்துப் பாருங்கள். 'பருப்பு 1 கிலோ' என்று மட்டும் எழுதியிருந்தால், துவரம் பருப்பா, உளுத்தம் பருப்பா? நீங்கள் வீட்டுக்கு ஓடிவந்து கேட்பீர்கள். ஏஜென்டோ, கேட்காமல் தானே ஒன்றை ஊகித்துவிடக்கூடும். ஆகவே, சீட்டு தெளிவாக இருக்க வேண்டும்.

வாருங்கள், நாமே ஒன்று எழுதுவோம்!

பெயர்: வெறும் 'காலண்டர்' என்றால் போதாது. புதிதாகச் செய்வதா, பழையதை அழிப்பதா? 'மாதக் காலண்டர் செய்' என்று வைத்தால் குழப்பமில்லை.

என்ன செய்யும், என்ன செய்யாது: 'ஒரு மாதத்தின் காலண்டரைச் செய்யும். விடுமுறை நாட்கள் இதற்குத் தெரியாது. அவற்றைத் தனியே தர வேண்டும்.' இந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால், பொங்கல் விடுமுறை தானாகவே வந்துவிடும் என்று ஏஜென்ட் நினைத்துக்கொள்ளும்!

என்னென்ன தர வேண்டும்: ஆண்டு, நான்கு இலக்கத்தில். மாதம், 1 முதல் 12 வரை. வாரத்தின் முதல் நாள், ஞாயிறா, திங்களா?

தேதி எழுதும் முறை: முதலில் ஆண்டு, பிறகு மாதம், கடைசியில் நாள். 2027-03-04 என்றால் 2027 மார்ச் 4. இது 1988-ல் வெளியான 'ஐ.எஸ்.ஓ. 8601' என்ற உலகத் தர முறை.

தவறு நேர்ந்தால்: யாராவது பிப்ரவரி 30 என்று கேட்டால், கருவி எதையாவது செய்து தரக்கூடாது. 'அப்படி ஒரு தேதி இல்லை. 2027 பிப்ரவரிக்கு 28 நாட்களே' என்று காரணம் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஏஜென்ட் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஓர் உதாரணம்: 'ஆண்டு 2027, மாதம் 3, முதல் நாள் ஞாயிறு.' பத்து வரி விளக்கத்தைவிட ஓர் உதாரணம் சட்டென்று புரியும்.

நான்கு இலக்க ஆண்டு எதற்கு என்கிறீர்களா? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் காலண்டர் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'கால்'. நடக்கிற கால் இல்லை, காலண்டரின் சுருக்கம்! அதனிடம் 78 என்று கொடுத்தால் 1978-ஐக் காட்டாது. கி.பி. 78-ஐத்தான் காட்டும்! 1979-ல் வந்த யூனிக்ஸ் 7-ஆம் பதிப்பின் கையேடே இதைச் சொல்லி எச்சரிக்கிறது.

அதே கட்டளையிடம் 1752 செப்டம்பரைக் கேட்டால், 2-ஆம் தேதிக்கு அடுத்து 14 என்று வரும்! கருவி கெட்டுப்போய்விட்டதா? இல்லை. அந்த ஆண்டுதான் இங்கிலாந்து இன்றைய கிரிகோரியன் காலண்டருக்கு மாறியது. அதற்காக 11 நாட்களைத் தாண்டிக் குதித்தார்கள். இதைக் குறிப்பில் எழுதாவிட்டால், சரியான விடையையும் தவறு என்று ஏஜென்ட் எண்ணிவிடலாம்.

பார்த்தீர்களா? நம் மனதில் இருப்பது அடுத்தவருக்கும் தெரியும் என்று நினைப்பதில்தான் வம்பே வருகிறது.

இந்த ஞாயிறு ஒரு விளையாட்டு விளையாடுங்கள். அடுத்த மாதக் காலண்டர் வரைவது எப்படி என்று ஒரு சீட்டில் எழுதி, தம்பியிடமோ தோழியிடமோ கொடுங்கள். எழுதியதை மட்டுமே அவர்கள் செய்ய வேண்டும். கேள்வி கேட்கக்கூடாது, நீங்களும் வாய் திறக்கக்கூடாது. அவர்கள் எங்கே தவறுகிறார்களோ, அங்கே உங்கள் சீட்டில் ஒரு வரி குறைகிறது. அவர்களைத் திட்டாமல், அந்த வரியைச் சேர்த்து எழுதுங்கள். சரியா குட்டீஸ்?