சைக்கிளை உடம்புக்கு அளவாக்கக் காசு கொடுக்க வேண்டுமா?

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் கொழும்பு வீதிகளில் சைக்கிள்கள் பெருகின. அவற்றின் விலையும் எகிறியது. மட்டக்குளி, முகத்துவாரம் பக்கங்களிலும் அன்று கடன்பட்டுச் சைக்கிள் வாங்கிய குடும்பங்கள் உண்டு.

வரிசைகள் மறைந்துவிட்டன. பல சைக்கிள்களும் இன்று சுவரோடு சாய்ந்து துருப்பிடிக்கின்றன. காரணம் கேட்டால், "முழங்கால் நோகுது அக்கா", "இடுப்புப் பிடிக்குது", "கை விறைக்குது" என்கிறார்கள். வயது போய்விட்டது என்று தம்மையே குறை கூறுகிறார்கள். ஆனால் பல வேளைகளில் குற்றம் வயதில் இல்லை. சைக்கிளின் சீற்றில் இருக்கிறது.

வெளிநாடுகளில் செய்வது என்ன?

தையற்காரர் அளவெடுப்பது போல, ஒருவரின் உடம்புக்கு ஏற்பச் சைக்கிளை அமைத்துக் கொடுப்பது வெளிநாடுகளில் ஒரு தனித் தொழில். சைக்கிளில் ஏற்றி உழக்கச் செய்து, முழங்கால், இடுப்பு, முழங்கை ஆகியவை மடியும் கோணங்களைக் கமராவால் அளப்பார்கள். பிறகு சீற், ஹாண்டில், பெடல் ஆகியவற்றை மாற்றியமைப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 200, 300 டொலர் வரை கேட்பது வழக்கம். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று பார்த்தாலும் 60,000 முதல் 90,000 ரூபா ஆகிறது. எமக்கு அது ஒரு சைக்கிள் வாங்கும் காசு.

அந்தச் செலவு அவசியமா? கடைக்கும் வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் எமக்கு, பெரும்பாலும் இல்லை என்பதே பதில். ஏனெனில் அந்த நிபுணர் முதலில் பார்க்கும் விடயங்களை ஒரு ஸ்பனரும் அளவு நாடாவும் இருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, சீற்றின் உயரம். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி அமருங்கள். பெடலை அடியில் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் சற்று மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம்.

அளந்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு கணக்கும் உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்குங்கள். 72 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 63½ வரும். பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பக்கம் வரை அந்த அளவு இருக்கட்டும்.

சீற் மிகவும் பதிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். மிகவும் உயர்ந்திருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும்; முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். சீற் தண்டில் ஓர் எல்லைக் கோடு இருக்கும். அதற்கு மேல் தண்டை இழுக்கக் கூடாது.

இரண்டாவது, சீற்றின் சாய்வு. அது தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். முன்மூக்கு தாழ்ந்திருந்தால் உடம்பு வழுக்கி, பாரமெல்லாம் கையில் இறங்கும். கை விறைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஹாண்டில். முழங்கை சற்று மடிந்த நிலையில், தோள் இறுகாமல் பிடிக்க முடிய வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் சீற்றைச் சற்று முன்னே தள்ளலாம், அல்லது ஹாண்டிலை உயர்த்தலாம். பிரேக் பிடியும் உங்கள் விரலுக்கு எட்ட வேண்டும். இது நோவுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சில நாட்கள் ஓடிப் பார்த்த பின் அடுத்ததைத் தொடுங்கள்.

கால் தரையில் படாவிட்டால்?

பெண்கள் பலர் சீற்றைப் பதித்து வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் நெருக்கும் வீதியில், சட்டெனக் காலை ஊன்ற முடியாவிட்டால் பயம்தான். சரியான உயரத்தில் அமர்ந்தபடி நுனிக்கால் மட்டுமே தரையில் படும். ஆகவே புதிதாகப் பழகுபவர்கள் பதித்தே தொடங்கட்டும். கை பழகப் பழக வாரத்துக்கு ஒரு விரல் அளவு உயர்த்தலாம். நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்பக்கமாக இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் பயம் தீரும். நடுப் பார் இல்லாத லேடிஸ் சைக்கிளில் இது மிகவும் இலகு.

அளவு என்பது உடம்பை மட்டும் பொறுத்ததல்ல, வாழ்க்கையையும் பொறுத்தது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். லேடிஸ் சைக்கிள் போதாமல் ஆண்களின் சைக்கிளையே ஓட்டிய பலரில், அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அதன் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதே காரணம். யாழ்ப்பாணத்திலும் 1990க்குப் பின், எரிபொருள் தடைக் காலத்தில், சைக்கிள்தான் குடும்ப வாகனம். அங்கிருந்து கொழும்புக்கு வந்த எம் தாய்மார் பலர் அந்த உழக்கலை மறந்திருக்க மாட்டார்கள்.

எப்போது காசு செலவழிக்கலாம்?

போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர்கள், நாள்தோறும் மணிக்கணக்காக ஓடுபவர்கள் நிபுணரிடம் போவதில் பயன் உண்டு. மற்றவர்கள் அந்தக் காசில் சிறு பங்கை வேறு விதமாகச் செலவிடலாம். உடம்புக்குப் பெரிதான சைக்கிளை மாற்றலாம். இருக்கை எலும்புக்குப் பொருந்தும் அகலமான ஸ்பிரிங் சீற் போடலாம். இறுகிய நட்டைத் திறக்க, சைக்கிள் திருத்தும் கடைக்காரருக்குக் கொடுக்கும் கூலியும் வீண் போகாது.

எல்லாம் சரிசெய்து இரண்டு மூன்று வாரமாகியும் நோவு தீராவிட்டாலோ, முழங்கால் வீங்கினாலோ, அது சைக்கிள் கடையின் வேலையல்ல. வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயன்மருத்துவ சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது.

மட்டக்குளி, ஆறு கடலோடு சேரும் சமதரை. ஏற்றம் இறக்கம் இல்லை. சந்தைக்கும் வேலைக்கும் பஸ் காசு இல்லாமல், எவரையும் எதிர்பார்க்காமல் போய்வர உதவும் வாகனம் வீட்டிலேயே நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து, காற்றடித்து, சீற்றை அளந்து பாருங்கள்.