செம்புச் சிறகுகள் – 7: பூச்சியை விடுங்கள், செடியைப் பாருங்கள்

வட அமெரிக்காவின் செம்பு வண்ணத்துப்பூச்சிகளில், களத்தில் இறங்குபவர்களைப் பாடாய்ப்படுத்தும் ஜோடி ஒன்று உண்டு: பர்ப்பிளிஷ் காப்பர், டோர்கஸ் காப்பர். சிறகை விரித்தால் இரண்டுமே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். ஆண் பூச்சிகள் இரண்டும் பழுப்பு நிறம். சாய்வாக வெயில் படும்போது ஊதா மினுமினுக்கும். டோர்கஸை வில்லியம் கர்பி 1837இல் விவரித்தார். கலிபோர்னியாவிலிருந்து வந்த பூச்சிகளை வைத்து, பர்ப்பிளிஷை பிரெஞ்சுக்காரர் புவாதுவால் 1852இல் விவரித்தார். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கையேடுகள் பின்சிறகின் ஓரத்தைப் பார்க்கச் சொல்கின்றன. பர்ப்பிளிஷில் ஓர் ஆரஞ்சுக் கோடு ஓரம் நெடுக நெளிநெளியாக ஓடும். டோர்கஸில் வயிற்றை ஒட்டிய மூலையில் சில ஆரஞ்சுத் தீற்றல்களோடு அது நின்றுவிடும். பர்ப்பிளிஷ் பெண்ணின் முன்சிறகில் ஆரஞ்சு தாராளமாக இருக்கும். டோர்கஸ் பெண் பெரும்பாலும் பழுப்புதான். அடையாளம் சரியானதே. ஆனால் அது புதிதாகக் கூட்டை விட்டு வந்த பூச்சிக்குத்தான் பொருந்தும். பறந்து பறந்து செதில்கள் உதிர்ந்தபின் ஊதாவும் மங்கும், ஆரஞ்சும் வெளுக்கும்.

அதனால், என்னைக் கேட்டால் முதலில் செடியைப் பாருங்கள் என்பேன். டோர்கஸ் வாழ்வது ஷ்ரப்பி சிங்க்ஃபாயில் என்ற மஞ்சள் பூப் புதரை நம்பித்தான். சுண்ணாம்புச் சத்துள்ள ஈர நிலங்களில் அது செழித்து வளரும். தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு முட்டையாக இடும். இலையுதிர் காலத்தில் இலை முட்டையோடு சேர்ந்தே தரையில் விழும். பனிக்காலம் முழுவதும் முட்டை அந்தச் சருகிலேயே கிடக்கும். வசந்தத்தில் பொரிந்த புழு, தண்டைப் பிடித்து மேலேறித் தளிரைத் தேடிப் போகும். சருகைக் கூட்டி எரித்தால் அடுத்த தலைமுறையே போய்விடும் என்பது இதிலிருந்து தானாகவே விளங்கும்.

பர்ப்பிளிஷுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. நம் சுக்காங்கீரையின் உறவுச் செடிகள் அதற்குப் போதும். சாலையோரம், வாய்க்கால் கரை, ஈரமான தரிசு என்று எங்கும் வரும். பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை எடுக்கும். டோர்கஸுக்கோ ஒரே தலைமுறை, கோடையின் நடுவில். எனவே மே மாதத்திலோ அக்டோபரிலோ பார்த்தது டோர்கஸாக இருக்க வாய்ப்பில்லை.

ராக்கி மலைப் பகுதியில் இந்தச் சூத்திரமும் தடுமாறும். அங்கே இரண்டின் அடையாளங்களும் கலந்து தெரியும் பூச்சிகள் உண்டு. அவற்றை எதில் சேர்ப்பது என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. கனடாவின் கிழக்குக் கரையிலோ கதை வேறு. நியூ பிரன்ஸ்விக்கின் உப்புச் சதுப்பில் வாழும் ஒன்றை, டோர்கஸின் துணையினம் என்று 1940இல் மெக்டன்னா விவரித்தார். பிற்பாடு அதைத் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள்.

வெறும் பெயர்ச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிளேட்டன்ஸ் காப்பர் என்ற டோர்கஸ் துணையினம், அச்சுறுத்தலுக்கு உள்ளானதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. சிங்க்ஃபாயில் புதர்கள் அடர்ந்த சில ஈர நிலங்களே அதற்குப் புகலிடம். எங்கும் காணக்கூடிய பர்ப்பிளிஷ் என்று அதைத் தவறாகக் குறித்துவைத்தால், அந்த நிலத்துக்காக வாதாட ஆதாரமே இல்லாமல் போகும்.

தமிழ்நாட்டில் செம்பு இனங்கள் கிடையாது. ஆனால் அதே குடும்பத்துப் புல் நீலன்கள் நம் வீட்டு முற்றத்திலேயே பறக்கின்றன. அவற்றுக்குள்ளும் இதே குழப்பம் உண்டு. அடுத்த முறை ஒன்றைப் படம் எடுக்கும்போது, சிறகின் அடிப்பக்கத்தையும் அது முட்டையிடும் செடியையும் சேர்த்து எடுங்கள். தேதியையும் இடத்தையும் மறக்காமல் எழுதிவையுங்கள்.