பழைய காரின் கியர்பொக்ஸ்

டோர்செட் பார்க்கில் புதிதாகக் குடியேறும் நம்மவர் பலர் வேலைக்குப் போய்வர முதலில் வாங்குவது பழைய கார்தான். கையால் கியர் மாற்றும் கார்கள் கனடாவில் இப்போது குறைவு. அப்படியொன்று மலிவாக அகப்பட்டு, அதன் கியர்பொக்ஸ் பழுதானால், திருத்தும் செலவு காரின் விலையையே தாண்டிவிடலாம். ஒட்டோமற்றிக் வாங்கினால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே என்பீர்கள். ஆனால் நம் கைக்கு வந்தது இதுதானே!

ஊரில் நாம் இடக்கையால் கியர் மாற்றினோம். முதலாம் கியர் நம்மைவிட்டு எட்ட இருந்தது. இங்கே வலக்கை; முதலாம் கியர் நம் பக்கமாக இருக்கிறது. கென்னடி வீதிக்கு இறங்கமுன் வெறுமையான தரிப்பிடமொன்றில் பழகிக்கொள்வோம். கியர்த்தடியில் கையை ஊன்றியபடி ஓடுவதையும் விடுவோம். அந்தப் பாரம் உள்ளேயிருக்கும் கவையைச் சுழலும் வளையத்தோடு உராய வைத்துத் தேய்க்கிறது.

பெரிய சோதனை குளிர்காலம். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் கியர் எண்ணெய் தேன்போலத் தடித்துவிடும். கியர்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் பித்தளை வளையங்கள் சுணங்கும். அப்போது தடியை அடித்துத் தள்ளக்கூடாது. கிளச்சை அடிவரை மிதித்து, தடியை மெதுவாக அழுத்திப் பிடித்தால் கியர் தானே விழும். ஹீற்றரில் சூடு வந்துவிட்டதென்று ஏமாறவேண்டாம். எஞ்சினுக்குப் பிறகுதான் கியர்பொக்ஸ் சூடாகும்.

பின்னுக்கு எடுக்கமுன் கார் முற்றாக நிற்கவேண்டும். பல கார்களில் றிவேர்ஸுக்கு அந்தப் பித்தளை வளையம் கிடையாது.

எண்ணெய் மாற்றும்போது கார்க் கையேட்டில் சொன்ன வகையையே கேளுங்கள். எல்லாக் காருக்கும் ஒன்றல்ல. தரிப்பிடத்தில் காருக்கடியில் எண்ணெய்க்கறை கண்டால் அந்தக் கிழமையே கராஜில் காட்டுங்கள். கியர்பொக்ஸில் எண்ணெய் குறைந்தால் அநேகமான கார்களில் எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது.