பப்பாளி மாவுப்பூச்சி: வேலியோரத்தையும் கவனியுங்கள்

பப்பாளியை வெட்டி அழித்துவிட்டுப் புதிதாக நட்டாலும் மாவுப்பூச்சி திரும்ப வருகிறதா? வேலியோரத்தையும், வீட்டு வாசல் செம்பருத்தியையும் பாருங்கள்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி, 2008ல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி இல்லாத காலத்தில் செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம், காட்டாமணக்கு போன்ற செடிகளில் உயிர் வாழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறைந்தாலும், வெயில் ஏறும்போது பெருகும். குஞ்சுகள் காற்று, எறும்பு, ஆட்களின் உடை மூலம் தோட்டத்துக்குள் நுழையும்.

காரைக்குடி, சிவகங்கை பகுதி விவசாயிகள் தை மாதமே வரப்பு, வேலியோரக் களைகளை அகற்ற வேண்டும். பூச்சியுள்ள செடிகளை வாய்க்காலில் வீசாமல் எரித்துவிடுங்கள். செம்பருத்தியை வேரோடு பிடுங்க வேண்டாம். வெள்ளை படிந்த நுனிகளைக் கவாத்து செய்தால் போதும். எறும்புப் புற்றுகளையும் அழியுங்கள்.

வெட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பூச்சிகள் உப்பிப் பழுப்பு நிறமாக இருந்தால், அவற்றுக்குள் 'அசிரோபேகஸ் பப்பாயே' ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட இக்குளவிதான் தமிழகத்தில் மாவுப்பூச்சியை அடக்கியது. அத்தகைய கிளைகளை விட்டுவிடுங்கள்; ரசாயன மருந்தும் தெளிக்காதீர்கள். குளவி அழிந்தால் மாவுப்பூச்சி மீண்டும் பெருகும்.

சந்தேகம் இருந்தால், பாதித்த இலையுடன் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.